பாய்மரத்தடியில் வைத்த பன்றி ரூபாய்

சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடியில் பழைய தோணி ஒன்றை உடைத்தபோது பாய்மரத்தின் அடியில் ஒரு வெள்ளி ரூபாய் கிடைத்ததாம். ஐம்பது வருஷத்துக்கு மேல் கடல் ஈரத்தில் கிடந்தும், மாதாவின் அருளால் அது கொஞ்சமும் கறுக்கவில்லையாம். நாணயங்கள் சேகரித்துவந்த தன் காலஞ்சென்ற கணவரை நினைத்து, ஒரு மூதாட்டி அந்தக் காசின் முன் முழந்தாளிட்டு அழுதாராம். கீழே என் புகைப்படம்.

அந்த மூதாட்டி நான்தான். நான் அழவில்லை. முழந்தாளிட்டது உண்மை. இடுப்பு உயரத்துக்கும் கீழே வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க எழுபத்து நான்கு வயதில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாணயங்களைச் சேகரித்தவர் என் கணவர் அல்ல, நான். பள்ளிக்கூட நாளிலிருந்து சேகரிக்கிறேன். அவருக்கு ஏழாம் எட்வர்டையும் ஐந்தாம் ஜார்ஜையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. எட்வர்டுக்கு வழுக்கை, ஜார்ஜுக்குக் கிரீடம் என்று எத்தனை முறை காட்டினாலும், "ரெண்டு பேருக்கும் தாடி இருக்குல்லா" என்பார். கடைசியாக, அந்தக் காசு கறுக்காமல் இருந்ததற்குக் காரணம் மெழுகு. அதைப் பூசியவளும் நான்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நல்லது. பழைய வெள்ளிக் காசு தேடி அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் வழி, செலவு விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.

பிப்ரவரிக் கடைசியில் தருவைகுளத்திலிருந்து மிக்கேல் போன் செய்தான். என் மாமனார் கட்டிய தோணியில் சிறு வயதிலேயே வேலைக்கு ஏறியவன் அவன்; என்னை மைனி, அதாவது அண்ணி, என்றுதான் அழைப்பான். பிற்பாடு, நாங்கள் சென்னைக்குக் குடிபோனபோது, என் கணவரிடமிருந்து அதே தோணியை விலைக்கு வாங்கினான். "மைனி, நம்ம தோணிய ஒடைக்கப் போறோம். பலவ எல்லாம் உளுத்துப் போச்சு. பாய்மரத்தடியில நீங்க வச்ச காசு இருக்கும்லா, எடுக்கும்போது நீங்க இருக்கணும்" என்றான். மறுநாளே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அந்தக் காசைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பயணமே புரியாது. என் தந்தை துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவர். அவருக்குக் கைமாறி வரும் பழைய ரூபாய்களில் நல்லதாக ஒன்றிரண்டை எனக்குத் தருவார். நான் படித்த கான்வென்டில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. சிப்பி, சங்கு, பட்டாம்பூச்சி, நாணயம் எல்லாம் அதில் பெயர்ச்சீட்டோடு இருக்கும். அதற்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர்தான் காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், ஒருபோதும் தேய்த்துத் துலக்கக் கூடாது, ஈரக்காற்றுப் படாமல் வைக்க வேண்டும் என்று எனக்குப் பழக்கியவர். பதினைந்து வயதில் ஓர் ஆல்பம் தைத்தேன். முதல் பக்கத்தில் 1911ஆம் வருஷத்து ரூபாய்.

சேகரிப்பவர்கள் அதைப் பன்றி ரூபாய் என்பார்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு சிறிய யானை உருவம் உண்டு. அந்த முதல் வருஷத்து அச்சில் தும்பிக்கை குட்டையாக விழுந்து, யானை பன்றிபோல் தெரிந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அச்சைத் திருத்தி, பழையதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டார்கள். உருக்காமல் தப்பியதில் ஒன்று, புழக்கத்தில் தேயாதது, என் தந்தைக்குக் கிடைத்தது. ஆல்பத்தில் அதன் கீழே பென்சிலால் வருஷத்தை எழுதியதும் அவர்தான்.

எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் புதுத் தோணிக்குப் பாய்மரம் நடும்போது, மரத்தின் அடி உட்காரும் குழியில் ஒரு வெள்ளிக் காசு வைப்பார்கள். என் கணவர் வீட்டில், கடைசியாக வந்த மருமகள் தன் பிறந்த வீட்டுக் காசை வைப்பது வழக்கம். எனக்குத் திருமணமான வருஷமே மாமனாரின் தோணி முடிந்தது. மாமியார் என் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "தேஞ்ச காச வச்சா தோணிக்கு ஆகாதுளா. பளிச்சுன்னு உள்ளதா ஒன்ன எடு" என்றார். இருந்ததில் பளிச்சென்று இருந்தது அது ஒன்றுதான்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் காலம் அல்ல அது. ஆனால் கெட்டுப்போக விடவும் எனக்கு மனம் வரவில்லை. கோயில் மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி, காசை நூலில் கட்டி, இரண்டு முறை முக்கி எடுத்தேன். எதற்காக என்று மாமியாரிடம் மறைக்காமல் சொன்னேன். "எதுக்கா இருந்தா என்ன, கோயில் மெழுகுதான" என்றார். அதன் பிறகு அதே வருஷத்து ரூபாய் இரண்டு வாங்கிவிட்டேன். இரண்டும் வேறு பக்கத்தில் இருக்கின்றன. என் தந்தை எழுதிய வருஷத்துக்கு மேலே வேறு காசை வைக்க எனக்கு இஷ்டமில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. காசைத் திருப்பிக் கொண்டுவரத்தான் போனேன், தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் மாலை ஏறும் ரயில் தூத்துக்குடியை மறுநாள் காலை அடைகிறது. மூன்றடுக்கு ஏசியில் ஆயிரத்துச் சொச்சம். முதியோர் சலுகை இப்போது கிடையாது. கீழ்ப்படுக்கை கேட்டு முன்பதிவு செய்யுங்கள், எனக்குக் கிடைத்தது. நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் பழைய துறைமுகம் வரைக்கும் நூற்றைம்பது கேட்டார்.

"ரெண்டு கிலோமீட்டருக்கா?"

"பெட்டி இருக்குல்லா ஆச்சி."

"பெட்டிய நான் மடியில வச்சுக்கிடுதேன்."

"மடியில வச்சாலும் வண்டிதான சுமக்கணும்" என்று சிரித்தார். நூறு ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, வழி முழுக்கத் தன் மாமனாருக்கு வந்த மூட்டுவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது பெட்டியை அவரே தூக்கிக் கொடுத்தார்.

தோணி கரையில் பாதி பிரித்த நிலையில் கிடந்தது. ஒரு பக்கத்துப் பலகைகள் முழுவதும் போய்விட்டன. கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் ஏற்றிப்போன தோணி அது. பிறகு மாலத்தீவுக்குக் கல்லும் காய்கறியும். பாய்மரத்தைக் காணோம். ஓடாவி, அதாவது தோணி கட்டவும் பிரிக்கவும் தெரிந்த தச்சர், பெருமாள் என்று பெயர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"முந்தாநாளே எடுத்தாச்சும்மா. கிரேன்காரன் அன்னைக்கு விட்டா பத்து நாளைக்கு வரமாட்டேன்னுட்டான்."

"காசு?"

"மிக்கேல் அண்ணாச்சி கொண்டுட்டுப் போயிட்டாவ. கறுப்பா உருண்டையா இருந்துச்சும்மா. கீல் கட்டியாக்கும்னு நான் தூக்கி எறியப் போனேன். 'ஏலே, போட்டுறாத'ன்னு சத்தம் போட்டு வாங்கிட்டாவ."

குழியைப் பார்க்க வேண்டும் என்றேன். கீழ்மரத்தில் அந்தச் சதுரக் குழி அப்படியே இருந்தது. நான் பத்தொன்பது வயதில் அதற்குள் கையை விட்டது இன்றைக்குப்போல் நினைவிருக்கிறது. மேலே பாய்மரம் கயிற்றில் தொங்க, எட்டுப் பத்துப் பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் காசைக் குழியின் நடுவில் நேராக வைக்கவேண்டும் என்று நகர்த்திக்கொண்டே இருந்தேன். அப்போது என் கணவர், "கைய எடு, போதும்" என்றார். ஊரார் முன்னால் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குக் கோபம் வந்தது. அன்று இரவு, மரம் விழுந்தால் விரல் போயிருக்குமே என்று அவர் மூன்று தடவை சொன்னபோதுதான், அவர் பயந்துபோயிருந்தார் என்று தெரிந்தது.

குழியின் அடியில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. ஓரத்தில் அழுக்கு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. ஓடாவியிடம் சிற்றுளி வாங்கிச் சுரண்டினேன். வெளிப்பக்கம் தோணிப் பலகைக்குப் பூசும் கீலின் கறுப்பு, உள்ளே மஞ்சள். மெழுகேதான். கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

தருவைகுளம் அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வலப்பக்கம் உட்காருங்கள், உப்பளங்களும் அவற்றுக்கு அப்பால் கடலும் தெரியும். காலை வெயிலில் உப்புக் குவியல்களைப் பார்க்கக் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்கேல் பேருந்து நிறுத்தத்துக்கே வந்திருந்தான். கூட ஏழெட்டுப் பேர். "மைனி, அதிசயத்தக் கேட்டியளா? புத்தம் புதுசா இருக்கு" என்று என்னைக் கையைப் பிடித்துக் குருசடிக்குக் கூட்டிப்போனான். கடற்கரையோரம் சிலுவை நட்டுக் கூரை போட்ட சிறிய இடம். சிலுவையின் கீழே கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சின் மேல் என் காசு.

குனிந்து பார்க்க முடியாமல் முழந்தாளிட்டேன். என் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். அங்கியில் பன்றி இருந்தது. அச்சுக்கூடத்தின் மெருகு வயல் முழுக்க அப்படியே இருந்தது. காசின் முகத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பைச் சேகரிப்பவர்கள் வயல் என்போம். நான் வைத்ததைவிட ஒரு கீறல்கூட அதிகமில்லை. அந்த நேரத்தில்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். என் கண்கள் கலங்கியதுபோல் தெரிவது கண்புரை அறுவைக்குப் போட்ட சொட்டு மருந்தினால்.

விளிம்பையும் பார்த்தேன். இரண்டே நாளில் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

வீட்டில் மிக்கேலின் மனைவி சகாயம் மீன்குழம்பும் சோறும் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "சகாயம், காச நீ என்ன செஞ்ச?"

"வெந்நீர்ல போட்டேன் அக்கா. கையில ஒட்டுச்சு, ஒரே அழுக்கு."

"தண்ணிக்கு மேல எதுவும் மிதந்துச்சா?"

"ஆமா, கொழுப்பு மாதிரி. தோணிக்குப் பூசுத மீனெண்ணெயாக்கும்னு கொட்டிட்டேன்."

கைக்குட்டையை அவிழ்த்து மிக்கேலிடம் கொடுத்தேன். அவன் மெழுகை முகர்ந்து பார்த்தான். நகத்தால் கீறினான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகைக் கைக்குட்டையில் திரும்ப வைத்துவிட்டு, "கோயில் மெழுகுதான மைனி?" என்றான்.

"கோயில் மெழுகுதான்."

"பின்ன நான் சொன்னதுல என்ன தப்பு?"

என் மாமியாரும் அன்று இதைத்தான் சொன்னார். "தப்பு உன்மேல இல்ல. காசு எனக்கு வேணும்" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. சகாயத்தைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். "புதுப் படகு கட்டி நிக்கி மைனி. போன வருசம் பழைய தோணியில ரெண்டு வாட்டி எஞ்சின் நின்னு நடுக்கடல்ல கெடந்தோம். அதுலருந்து ராசியில்லாத மிக்கேல்னு பேரு. ஆளு ஒருத்தன் ஏறமாட்டேங்கான். இந்தக் காசு கெடச்சப்பொறம்தான் நாலு பேரு வாரோம்னு சொல்லிருக்கான். இத நீங்க கொண்டுட்டுப் போனா நாளைக்கே நாலு பேரும் வேற படகுக்குப் போயிருவான்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உடைத்த தோணியின் காசு, வைத்தவள் வீட்டுக்குத்தான் போகும் என்று நான் வாதிடலாம். தோணியோடு விற்றது காசையும் சேர்த்துத்தான் என்று அவனும் வாதிடலாம். இரண்டும் எங்கள் கரையில் நடந்திருக்கிறது.

"சும்மாதான் கேக்கேன், அதுக்கு என்ன வெல போகும்?" என்றான்.

உள்ளதைச் சொன்னேன். புழங்கித் தேய்ந்த பன்றி ரூபாய் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். மெருகு குலையாமல் இருந்தால் ஏலத்தில் பத்தாயிரத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இது குலையாதது.

"பன்னிக்கா இம்புட்டு?"

"எந்தப் பன்னி?" என்றாள் சகாயம். நான் விளக்கினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பம் குருசடியில பன்னியவா வச்சு முத்திசெஞ்சு கும்புட்டுட்டு இருக்கோம்?"

"மெல்லப் பேசுளா, வாசல்ல ஆளு நிக்கி" என்றான் மிக்கேல். அவனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விலையைக் குறைத்துச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்குமே என்று என் மகள் பின்னால் கேட்டாள். விலை கேட்டு வந்தவரிடம் எனக்கு வேண்டியதற்காகக் குறைத்துச் சொல்கிற நாளில், நான் இந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவேன்.

நான் வெறுங்கையோடு போகவில்லை. என்னிடமிருந்த எட்வர்ட் ரூபாய்களில் மிக நல்லதைக் கொண்டுபோயிருந்தேன். அச்சிலிருந்து வந்தபடியே இருப்பது. வெள்ளிக்கு வெள்ளி, ரூபாய்க்கு ரூபாய் மாற்றிக்கொள்ளலாம். இதைப் புதுப் படகின் எஞ்சின் மேடைக்கு அடியில் வை என்றேன். அவன் அதை விளிம்பில் பிடித்துப் பார்த்தான். சொல்லிக்கொடுக்காமலே அப்படிப் பிடித்தது எனக்குப் பிடித்திருந்தது. "யோசிச்சுச் சொல்லுதேன் மைனி" என்றான்.

மறுநாள் ஊர் திரும்புமுன் தூத்துக்குடிக் கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் சுற்றினேன். இந்தக் கரையில் பழைய ரூபாய் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வெளியூர் வியாபாரிகள் வெள்ளியாகவே கொண்டுவந்து இறக்குவார்கள் என்று என் தந்தை சொல்வார். அப்படிக் கைமாறிய காசுகளில் வெள்ளி சோதித்தவர்கள் குத்திய சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். ஒரு வெள்ளிக் கடைக்காரரின் தட்டில் அப்படி நாலைந்து கிடந்தன.

"இது என்ன வருஷம்னு பாத்தீங்களா அண்ணாச்சி?"

"வருசம் என்னத்துக்கு? வெள்ளி வெள்ளிதான். எல்லாம் ஒரே வெலதான் அம்மா."

"அப்போ இதுக்கும் அதே விலைதான?" என்று ஒன்றைத் தனியே எடுத்தேன்.

அவர் உடனே அதை வாங்கி உற்றுப் பார்த்தார். "நீங்க எடுத்தபொறவு ஒரே வெல இல்ல" என்றார். கெட்டிக்காரர். நான் அதை வாங்காமல், முத்திரை குத்திய வேறொன்றை வெள்ளி விலைக்கு வாங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

போகிறவர்களுக்கு: பாக்கெட் தராசும் உருப்பெருக்கியும் கொண்டுபோங்கள். பழைய ரூபாய் தேயாமல் இருந்தால் பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அரை கிராம் போயிருந்தால் தேய்மானம். அதற்கும் மேலே போயிருந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பில் வளையம் பற்றவைத்து எடுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலியில் கோத்த காசு நகைதான், சேகரிப்புக்கு மதிப்பு பாதியாகிவிடும். புளி, திருநீறு, பற்பசை எதையும் காசில் வைக்காதீர்கள். கறுப்பு ஒரு குறை அல்ல, துலக்கியதுதான் குறை. வெள்ளியின் அன்றைய விலையைத் தெரிந்துகொண்டு கடைக்குள் போங்கள். அதற்குக் கீழே விற்கக் கூடாது. அதற்கு மேலே கொடுப்பதற்கு உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் போகாதீர்கள், வெயில் தாங்காது.

ஊர் வந்தபின் மிக்கேல் மூன்று முறை போன் செய்தான். முதல் முறை மாற்றிக்கொள்கிறேன் என்றான். இரண்டாம் முறை, ஊரில் கேட்டேன், வேண்டாம் என்கிறார்கள் என்றான். மூன்றாம் முறை நண்டு விலையைப் பற்றியே பேசிவிட்டு வைத்தான். அந்தச் செய்தியை மறுத்து எழுதப் போகிறேன் என்றதற்கு, "எழுதுங்க மைனி, நீங்க எழுதுதத எங்கூர்ல எவன் படிக்கான்" என்றான். அவன் படிப்பான் என்று எனக்குத் தெரியும். அந்தக் காசை நம்பி அவனோடு ஏற ஒப்புக்கொண்ட நான்கு பேரும் படிக்கட்டும் என்றே இதையும் எழுதுகிறேன். அந்தத் தோணி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. அதில் பாதிக்கு மேல் அதை ஓட்டியவன் மிக்கேல். அதிலிருந்து ஒரு ஆளும் கடலோடு போகவில்லை. எஞ்சின் நின்ற இரண்டு முறையும் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஒரு காசைவிட இது நம்பத் தகுந்த அத்தாட்சி.

மிக்கேல், இனி உனக்கு. பஞ்சும் சாம்பிராணியும் கடல்காற்றும் சேர்ந்தால் மழைக்காலத்துக்குள் காசு பழுப்பாகிவிடும். இன்று அதிசயம் என்று சொன்னவர்களே அன்று உன் வீட்டில் என்ன குற்றம் நடந்தது என்று கேட்பார்கள். அது உனக்கு வேண்டாம். அதை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், பெட்டியிலிருந்து எடுத்து, மெழுகில் இரண்டு முறை முக்கி, புதுப் படகின் அடியில் வை. ஒருவர் கண்ணிலும் படாது, ஆனால் கெடாது. எனக்கு வருத்தம் இருக்கும், வழக்கு இருக்காது. மாற்றிக்கொள்வதாக முடிவு செய்தால், எட்வர்டை அதேபோல் செய்துவிட்டு, என் காசைப் பதிவுத் தபாலில் அனுப்பு.

கிளம்பும்போது நான் எட்வர்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். இரண்டு காசும் இப்போது உன்னிடம்தான் இருக்கின்றன. ஈஸ்டர் கழிந்து பாதிரியார் படகை மந்திரிப்பதற்கு முன்னால், இரண்டில் எது எனக்கு வரும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம்.